முந்திரிக்காட்டில் எண்ணெய்க் கோபுரம்

அமெரிக்காவின் ஆரம்பகால எண்ணெய்க் கிணறுகளைப் பற்றிப் படித்ததிலிருந்து எனக்கு ஒரு பைத்தியம். 1859இல் பென்சில்வேனியாவில் மரச்சட்டத்தால் கோபுரம் கட்டி, நீராவி எந்திரத்தால் இரும்பு உளியைத் தூக்கித் தூக்கிப் போட்டுப் பாறையை உடைத்தார்கள். மண் சரிந்து குழி மூடியதும் இரும்புக் குழாயை இறக்கி அதற்குள்ளே தோண்டினார்கள். எழுபது அடிகூட இல்லை, எண்ணெய் வந்துவிட்டது! அந்தக் கோபுரத்துக்குப் பெயர் டெரிக்; நம்மூரில் ரிக் என்பார்கள். மீன்சுருட்டிப் பக்கம் அப்படி ஒன்று நிற்பதாக நண்பர் சொன்னார். 2006 மே மாதம், ஒரு ஞாயிற்றுக்கிழமை கிளம்பிவிட்டேன்.

அரியலூர் வரை ரயில். அங்கிருந்து பஸ், ஜெயங்கொண்டத்தில் மாறி இன்னொரு பஸ். மீன்சுருட்டியில் ஆட்டோவுக்கு நாற்பது ரூபாய். "ரிக்கு பாக்கத்தானே சார்? ஏறுங்க" என்றார் டிரைவர், நான் வாயைத் திறப்பதற்குள்.

முந்திரி மரங்களுக்கு மேலே அது தெரிந்ததும் எழப்போய் ஆட்டோ கூரையில் தலையை இடித்துக்கொண்டேன். எவ்வளவு உயரம்! இது இரும்புக் கோபுரம். உளி குத்துவதில்லை, சுழன்றுகொண்டே இறங்குகிறது. வேலிக்கு வெளியே டீக்கடை, சுண்டல் வண்டி, குடும்பம் குடும்பமாகக் கூட்டம். திருவிழா கெட்டது போங்கள்.

பக்கத்தில் டீ குடித்துக்கொண்டிருந்தவரிடம், "எண்ணெய் மட்டும் வந்துட்டா உங்க ஊரு எங்கேயோ போயிடுங்க!" என்றேன். அவர் முகம் சுருங்கிவிட்டது. கலியமூர்த்தி, அந்த நிலத்துக்குச் சொந்தக்காரர்.

"அப்படிச் சொல்லாதீங்க சார். வந்துட்டா கம்பெனிக்காரங்க மிச்சக் காட்டையும் எடுத்துக்குவாங்க. வரலேன்னா மூடிட்டுத் திருப்பிக் குடுத்துடுவாங்க. எங்களுக்குச் சோறு போடுறதே இந்த முந்திரிதான்."

எனக்குச் சுருக்கென்றது. அன்று காளியம்மன் கோயிலில் பூக்கட்டிப் பார்க்கப் போவதாகச் சொல்லி என்னையும் அழைத்தார். வெள்ளைப் பூ வந்தால் எண்ணெய் இல்லை, சிவப்பு வந்தால் உண்டு. இரண்டையும் தனித்தனி இலையில் பொட்டலம் கட்டிப் பூசாரி அம்மன் காலடியில் போட்டார். வழக்கமாகச் சின்னப் பிள்ளைதான் எடுக்கும். ஆனால் உள்ளூர்ப் பிள்ளைகள் எல்லாம் ரிக்கின் கட்சி. "வெளியூரு சார் எடுக்கட்டும்" என்றார் பூசாரி.

வெள்ளை வரவேண்டும் என்று மனதார வேண்டிக்கொண்டு எடுத்தேன். பிரித்தால் சிவப்பு. கலியமூர்த்தி ஆட்டோ வரை வந்து வழியனுப்பிவிட்டு, என் செல் நம்பரை மட்டும் வாங்கிக்கொண்டார். ஊர் வந்து சேரும்வரை அந்தக் கையை எங்கே வைப்பதென்று தெரியவில்லை.

டெரிக் பார்க்கப் போகிறவர்களுக்கு: ஓரிடத்தில் வேலை முடிந்தால் கழற்றிக்கொண்டு போய்விடுவார்கள், விசாரித்துவிட்டுப் போங்கள். வேலிக்குள் விடமாட்டார்கள். வெயிலுக்குத் தொப்பி, தண்ணீர் அவசியம். நிலத்துக்காரர் மனதில் என்ன இருக்கிறது என்று தெரியாமல் வாழ்த்தாதீர்கள்.

ஆகஸ்டில் ஆபீஸில் இருக்கும்போது போன் வந்தது.

"சார், கலியமூர்த்தி பேசறேன். வெறுங்கிணறுங்க! சொட்டு எண்ணெய் இல்ல! ரிக்கக் கழட்டுறாங்க!"

கத்திவிட்டேன். மேனேஜர் எட்டிப் பார்த்தார்.

"தண்ணிக்குப் போர் போட்டு வறண்டு போனா ஊரே அழுவும் சார். இன்னிக்கு நாங்க பொங்க வைக்கிறோம்."