அமலா சிஸ்டர் கொடுத்த எலுமிச்சம்பழம்

அமலா சிஸ்டர் போயிட்டாங்க. ஏற்காடு ஜீப் டிரைவர்கள் வாட்ஸ்அப் குரூப்ல காலையில செய்தி வந்தது.

படிச்சுட்டு ஃபோனைக் கவிழ்த்து வச்சுட்டேன். என் மனைவி செல்விகிட்ட எப்படிச் சொல்றதுன்னு தெரியல...

தெரியாதவங்களுக்காக எழுதறேன். எண்பதுகள்ல நான் ஏற்காடு பஜார்ல இருந்து எஸ்டேட் பக்கம் ஜீப் ஓட்டிக்கிட்டு இருந்தேன். சிஸ்டர் கான்வென்ட்ல நர்ஸ். யாராவது பொழைக்க மாட்டாங்கன்னு தெரிஞ்சா அந்த வீட்டுல போய் உட்கார்ந்துடுவாங்க. கடைசி வரைக்கும்.

அதனாலேயே அவங்களைப் பார்த்தா எங்களுக்குப் பயம். அவங்க வண்டியில ஏறினா பேச்சு நின்னுடும். எஸ்டேட் தொழிலாளிங்க லைன் வீடுங்க பக்கம் இறங்கி நடந்தா ஒவ்வொரு வீடாக் கதவைச் சாத்துவாங்க. நம்ம வீட்டுக்கு வந்துடக் கூடாதேன்னு.

டிரைவர்கள் நாங்க வச்ச பேரு ‘எமன் டிக்கெட்’. அவங்க இறங்கினதும் டயருக்கு அடியில எலுமிச்சம்பழம் வச்சு நசுக்கிட்டுத்தான் வண்டியை எடுப்போம்.

இதெல்லாம் அவங்களுக்குத் தெரியாதுன்னு நெனச்சோம். ஒரு நாள் கரடியூர்ல இறங்கும்போது பையில இருந்து ஒரு பழத்தை எடுத்து என் கையில கொடுத்தாங்க. “கான்வென்ட் மரத்துல காச்சதுங்க கண்ணு. இதுக்குன்னு கடையில வாங்காதீங்க.”

சிரிக்கவும் முடியல, வேணாம்னு சொல்லவும் முடியல. அப்புறம் ஒவ்வொரு தடவையும் இறங்கும்போது ஒரு பழம். நானும் வாங்கி நசுக்குவேன், வேற என்ன!

இன்னொரு பழக்கம் அவங்களுக்கு. அவங்க போய் உட்கார்ற வீட்டுல அடுப்பு எரியாத வரைக்கும் அவங்களும் சாப்பிட மாட்டாங்க. காபித் தண்ணிகூட வேணாம்பாங்க.

பொழைக்க வைக்க முடியாதுன்னு தெரிஞ்சும் எதுக்குப் போறீங்கன்னு ஒரு தடவை கேட்டேன்.

“இயேசு சிலுவையில தொங்கறப்ப கீழ சில பேரு நின்னுட்டு இருந்தாங்க கண்ணு. அவங்களால ஒண்ணும் பண்ண முடியல. ஆனா ஊட்டுக்குப் போகல. நான் பண்றதும் அதுதானுங்க.”

அப்புறம் அந்த ஐப்பசி மாசம்... மத்தியானமே விளக்குப் போட்டு ஓட்டற மாதிரி மூடுபனி. சிஸ்டர் வேகமா வந்து ஏறினாங்க. வேற ஆள் ஏத்த வேணாம், கிளியூருக்குப் போகணும்னாங்க.

கிளியூர் என் ஊர். செல்வி அப்ப எட்டு மாசம்.

யார் வீட்டுக்குன்னு கேட்டேன். கொஞ்ச தூரம் போய் மறுபடியும் கேட்டேன்.

“வண்டிய ஓட்டுங்க கண்ணு. நான் கூட இருக்கறேன்.”

அதுக்கப்புறம் நான் கேட்கல.

எங்க லைன்ல எல்லாக் கதவும் சாத்தியிருந்தது. என் வீட்டுக் கதவு மட்டும் திறந்திருந்தது.

இறங்கும்போது பழக்கத்துல அவங்க கை பைக்குள்ள போச்சு... வெறுங்கையா வெளிய வந்தது.

குழந்தை வயித்துக்குள்ளேயே போயிருந்தது. செல்விக்கு ரத்தம் நிக்கல. அதே ஜீப்புல சேலம் ஆஸ்பத்திரிக்கு இறக்கினோம்.

பின்னாடி செல்வி தலையை மடியில வச்சுக்கிட்டு சிஸ்டர். ஒவ்வொரு கொண்டை ஊசி வளைவுலயும் செல்வி முனகினா. கூடவே சிஸ்டர் முனகற சத்தமும் கேட்டுது. யாருக்கு வலின்னே எனக்குத் தெரியல.

ஆஸ்பத்திரி வராண்டாவுல டீ வாங்கிட்டு வந்து நீட்டினேன். ரத்தம் காஞ்ச அதே வெள்ளைச் சேலையோட உட்கார்ந்திருந்தாங்க. “அந்தப் புள்ள வாயில ஏதாவது எறங்கட்டுங்க” அப்படின்னு தள்ளி வச்சுட்டாங்க.

மறுநாள் செல்வி ரெண்டு வாய் கஞ்சி குடிச்சா. மிச்சத்தை அதே டம்ளர்ல சிஸ்டர் குடிச்சாங்க. அப்புறம்தான் குழந்தையை நெனச்சு எங்களோட சேர்ந்து அழுதாங்க. கடவுள் சித்தம்னு ஒரு வார்த்தை சொல்லல. அதுக்காகவே அவங்களை எனக்கு அவ்வளவு பிடிக்கும்.

அதுக்கப்புறமும் வண்டியில வரும்போதெல்லாம் பழம் கொடுத்தாங்க. நான் நசுக்கறதில்ல. வீட்டுக்குக் கொண்டு போயிடுவேன்.

கடைசி நேரத்துல சிஸ்டர் பக்கத்துல யார் இருந்தாங்கன்னு இன்னைக்குக் குரூப்ல கேட்டேன். இன்னும் யாரும் பதில் போடல... அது ஒண்ணுதான் மனசைப் போட்டு அறுக்குது.

சாயந்தரம் அடக்கம். செல்விகிட்ட சொல்லிட்டேன். அவ எழுந்து போய் கேஸ் அடுப்பை அணைச்சுட்டு வந்து உட்கார்ந்துட்டா. அரிசி பாதி வெந்தும் வேகாம அப்படியே இருக்கு.

போய் வாங்க சிஸ்டர். நாங்களும் இன்னும் சாப்பிடல.