ஸ்டெல்லா அக்காவின் பச்சைக் கிட்டாரும் என் பையில் இருக்கும் கைப்பிடியும்

ஸ்டெல்லா அக்கா போய்விட்டார். இன்று காலை... மாரடைப்பு. ஆஸ்பத்திரி போய்ச் சேர்வதற்குள் முடிந்துவிட்டது.

அவர் மகள் ஜெனிதான் போன் செய்தாள். அழுதுகொண்டே கேட்டாள், "ஆன்ட்டி, அம்மா கிட்டாரோட கைப்பிடி உங்ககிட்டதானே இருக்கு?"

என்னிடம்தான் இருக்கிறது. அது எப்படி என்னிடம் வந்தது என்று சொல்லாமல் இன்று எனக்கு வேறு எதுவும் ஓடாது. நாலு மணிக்கு சேலையூர் சர்ச்சில் அடக்க ஆராதனை, அதற்குள் எழுதிவிடுகிறேன்.

தெரியாதவர்களுக்கு: நானும் அக்காவும் காட்டாங்குளத்தூர் பக்கம் ஒரு இன்ஜினியரிங் காலேஜில் பதினோரு வருஷம் ஒரே லேப். பசங்களுக்கு அளக்கக் கற்றுக்கொடுக்கும் லேப். வெர்னியரும் மைக்ரோமீட்டரும்தான் எங்கள் பிழைப்பு.

"எதை அளக்கப்போறேன்னு மொதல்ல பாரு. அப்பால அளவு எடு." ஒவ்வொரு பேட்ச்சுக்கும் அக்கா இதைத்தான் சொல்வார். இதை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்... பின்னால் மானம் போகப்போகிறது.

ஒரு நாள் காலை அக்கா தாம்பரத்தில் ட்ரெயின் லேடீஸ் பெட்டியில் ஏறினார், பெட்ஷீட் சுற்றிய ஏதோ ஒன்றோடு. பூ விற்கும் அம்மா "இன்னாமே, துப்பாக்கியா?" என்று தள்ளி உட்கார்ந்தார்!

"எங்கண்ணன் கிட்டாரு கவிதா. இது ஜப்பானா இல்லியான்னு எனக்கு இன்னைக்கே தெரிஞ்சாவணும்."

சேவியர் அண்ணன் அதை பர்மா பஜாரில் பழசாக வாங்கியவர். அசல் ஜப்பான் சரக்கு என்று சாகும்வரை சொல்லிக்கொண்டிருந்தார். தலைப்பகுதியில் பெயரே இல்லை. யாரோ வாசல் கேட்டுக்கு அடிக்கும் பச்சை பெயின்ட்டை மேலே பூசிவைத்திருந்தார்கள். குடும்பமே சிரித்தது, "எவனோ உன் தலையில கட்டிட்டான்" என்று. அவருடைய சாவு வீட்டில்கூட ஒரு மாமா அதையே சொல்லிச் சிரித்திருக்கிறார்.

அக்காவுக்கு அது ஆறவே இல்லை. "செத்தவன் எழுந்து வந்தா பதில் சொல்வான்? நான் சொல்றேன்."

லஞ்ச் பிரேக். டிபன் பாக்ஸைத் திறக்கக்கூட இல்லை. பின்பக்கம் நாலு ஸ்க்ரூ கழற்றினால் கிட்டாரின் கழுத்து தனியாக வந்துவிடும் என்று போனில் பார்த்துவைத்திருந்தேன். கழற்றினோம். வந்தது!

உள்ளே பெயின்ட் படாத மரம். அதில் சிவப்பு மையில் ஒரு முத்திரை... ஜப்பான் எழுத்து!!

மொழிபெயர்க்கும் ஆப்பில் கேமராவைக் காட்டினேன். ஒரே வார்த்தை வந்தது. "இன்ஸ்பெக்டட்."

ஐயோ! அந்த ஊரில் எங்களை மாதிரி ஒரு ஆள் அளந்து, சரி பார்த்து, குத்திய முத்திரை! நாங்கள் குதித்த குதியில் ஹெச்ஓடி எட்டிப் பார்த்துவிட்டுப் போனார். ஆன்லைனில் ஒரு கிட்டார் குரூப்பில் போட்டோக்களைப் போட்டேன். விஷயம் தெரிந்த இரண்டு பேர் அன்று மதியமே உறுதியாகச் சொன்னார்கள்: ஜப்பான்தான், எழுபதுகளில் செய்தது.

அக்கா உடனே அந்த மாமாவுக்குப் போன் போட்டார். "சாப்டியா மாமா? ஒரு போட்டோ அனுப்பிக்கீறேன். ரெண்டு கண்ணாலயும் பாரு." அவ்வளவுதான், வைத்துவிட்டார். வைத்த பிறகு அழுதார்.

அப்புறம்தான் ட்ரெமலோ. கிட்டாரின் அடியில் கம்பிகளைப் பிடித்திருக்கும் உலோகத் தகடும் அதில் மாட்டும் ஒரு கைப்பிடியும். அமுக்கினால் சுரம் குழைந்து கீழே இறங்கும், விட்டால் பழைய இடத்துக்கே வரவேண்டும். அண்ணன் வாசித்து வாசித்துத் தகட்டின் ஸ்க்ரூ ஓட்டைகள் தேய்ந்து வாய் பிளந்திருந்தன. இறங்கிய சுரம் ஏறி வரவே வராது.

புதுசு வாங்கலாம் என்று அளந்தோம். சும்மா இல்லை... ஐந்து ரீடிங், சராசரி, லீஸ்ட் கவுண்ட் வரைக்கும்! பார்சல் வந்தது. வைத்துப் பார்த்தால் ஆறு ஸ்க்ரூவில் ஒன்றுகூட ஒழுங்காக உட்காரவில்லை.

நாங்கள் அளந்தது கம்பிகளின் இடைவெளியை. அளக்க வேண்டியது ஸ்க்ரூக்களின் இடைவெளி.

"அக்கா... எதை அளக்கப்போறேன்னு மொதல்ல..." என்று ஆரம்பித்தேன். எண்ணெய்த் துணியைத் தூக்கி என் முகத்தில் எறிந்தார்.

இரண்டாவது பார்சல் கச்சிதம். அண்ணனிடம் வாசிக்கக் கற்றிருந்த அக்கா அந்தக் கிறிஸ்துமஸுக்கு சர்ச்சில் வாசித்தார். நான் மூன்றாவது வரிசையில், மடியில் போனில், சுரம் சரியா என்று முள் காட்டும் ட்யூனர் ஆப். அக்கா கைப்பிடியை அமுக்கினார், சுரம் கீழே போனது, விட்டார்... முள் சரியாக நடுவில் வந்து நின்றது. நான் கை தட்டிவிட்டேன். ஜெபம் தொடங்கிவிட்டது என்று கவனிக்கவே இல்லை!

முடிந்ததும் கைப்பிடியைக் கழற்றி என் கையில் வைத்தார். "எனக்கு வூட்டு சாவியே தங்காது. நீ வெச்சிக்கோ. அடுத்த வாட்டி எடுத்துக்கினு வா."

நானும் ஒரு பழைய வெர்னியர் பெட்டிக்குள் போட்டு ஹேண்ட்பேக்கில் வைத்துக்கொண்டேன். அதிலிருந்து மூன்று வருஷம், அக்கா வாசித்த ஒரு நாளையும் நான் தவறவிட்டதில்லை. கைப்பிடி என்னிடம் இருக்கும்போது போகாமல் எப்படி?

பெட்டியைத் திறந்து பார்த்துவிட்டேன். இருக்கிறது. இன்று ஜெனி வாசிக்கிறாள்.

ஆட்டோ வந்துவிட்டது அக்கா. எடுத்துக்கிட்டு வரேன்.