தலைக்கு மேல் போன பாவு

செல்போனில் கேமரா புதிதாக வந்து, எல்லோரும் எதையாவது படம் பிடித்துக்கொண்டிருந்த காலம் அது. காஞ்சிபுரத்தில் ஒரு தனியார் பள்ளியில் நான் தற்காலிக விளையாட்டு ஆசிரியையாக இருந்தேன். நீச்சல், சைக்கிள், ஓட்டம் மூன்றையும் ஒரே மூச்சில் முடிக்கும் டிரையத்லான் போட்டி சென்னையில் நடக்க இருந்தது. அதில் நன்றாகச் செய்தால் மாநில அணியில் இடம், அதை வைத்து ஒரு நிரந்தர வேலை என்று கணக்குப் போட்டு வைத்திருந்தேன்.

நீச்சலில் எனக்குப் பயமில்லை. தென்னேரி ஏரிக்கரைப் பக்கம் வளர்ந்தவள் நான். ஓட்டமும் பரவாயில்லை. சைக்கிள்தான் காலை வாரியது. எதிர்க்காற்று அடித்தால் யாரோ பின்னாலிருந்து பிடித்து இழுப்பது போல இருக்கும். நிமிர்ந்து உட்கார்ந்தால் உடம்பே காற்றைத் தடுக்கிறது, முதுகு தரைக்கு இணையாகப் படுக்க வேண்டும் என்று கூட ஓடும் பெண்கள் சொன்னார்கள். அதற்கென்று விற்கும் கைப்பிடி வாங்க வசதியில்லை. வெல்டிங் கடையில் இரண்டு குழாயை வளைத்து, ஹேண்டில்பாருக்கு முன்னால் நீட்டி ஒட்டவைத்துக்கொண்டேன். முழங்கை வைக்க ஸ்கூட்டர் சீட்டின் பஞ்சு.

மீதி வேலையைப் பள்ளி வராந்தாவில் எங்கள் கணக்கு டீச்சர் செய்தாள். சின்ன காஞ்சிபுரத்துக் கோயில் குடும்பத்துப் பெண், என் உயிர்த்தோழி. கரும்பலகைக்கு வைத்திருக்கும் பெரிய மரக் கோணமானியை என் இடுப்பில் வைத்து அளந்தாள். சீட்டை உயர்த்தி முன்னால் தள்ளினோம். ஹேண்டில்பாரை இறக்கினோம். போதவில்லை என்றாள். இன்னும் இறக்கினோம்.

"பெருமாள் சன்னதியில கூட இவ்வளவு குனிஞ்சு சேவிச்சதில்லடி நான்" என்று சிரித்தாள்.

"எங்க சர்ச்சுல முட்டி போட்டாலே போதும்" என்றேன். சிரிப்பு வரவில்லை. முட்டி வயிற்றில் இடித்தது. மூச்சு பாதியில் நின்றது. அதைவிட மோசம், தலையைத் தூக்கினால் கழுத்து வலித்தது, தூக்காவிட்டால் முன்சக்கரமும் அதன் அடியில் ஓடும் தரையும் மட்டும்தான் தெரிந்தன. பிரேக்கோ பழைய இடத்தில், கைக்கு எட்டாமல் தனியாகக் கிடந்தது. போட்டிக்குச் சில நாட்களே இருந்தன. 

மறுநாள் விடியற்காலை ஒரு சோதனை ஓட்டம் என்று முடிவு. ஸ்கூட்டரில் அவள் பின்னால் வருவாள், எதிரில் ஏதாவது வந்தால் நீளமாக ஹாரன் அடிப்பாள், நான் நிமிர்ந்து பிரேக்கைப் பிடிக்க வேண்டும்.

"பயப்படாதேடி. கண்ணு என்கிட்ட, காலு உன்கிட்ட. நீ மிதி" என்றாள்.

மழையில் பெரிய சாலையெல்லாம் குண்டும் குழியுமாகக் கிடந்தது. நெசவாளர் தெருக்களைக் குறுக்கே வெட்டிக்கொண்டு போகும் ஒரு சிமென்ட் சந்து மட்டும் வழுவழுவென்று இருந்தது. சாதாரண நாளில் காலையில் அந்தப் பக்கம் நான் சைக்கிளை விடவே மாட்டேன். தறியில் ஏற்றுவதற்கு முன் பட்டுப் பாவை, அதாவது சேலையின் நீளவாக்கு இழைகளை, தெரு நீளத்துக்கு இழுத்துக் கட்டிச் சரி செய்வார்கள். சந்து தெருவைக் கடக்கும் இடத்தில் அது குறுக்கே நிற்கும். ஆனால் ஒரு வாரமாக விடாத மழை. மழையில் யார் பாவு நீட்டுவார்கள் என்று எங்கள் இரண்டு பேருக்குமே ஒரே நினைப்பு. வானம் வெளுத்த முதல் காலையில் ஒரு வாரமாகக் காத்துக் கிடந்த பாவெல்லாம் தெருவுக்கு வந்துவிடும் என்பது இந்த ஊரிலேயே பழகிய எங்களுக்குத் தோன்றாமல் போனதை என்னவென்று சொல்ல!

படுத்து மிதித்தேன். முதல்முறையாகக் காற்று என்னை விட்டு விலகிப் போனது. பயத்தோடு ஒரு சந்தோஷமும் வந்தது. அப்போதுதான் ஹாரன் அலறியது.

தலையைத் தூக்கினேன், கழுத்து வரவில்லை. புருவத்துக்கு மேலே பாவுக்குள் செருகிய மூங்கில் கோல்களும், வெயிலில் பளபளக்கும் சிவப்பும், நாலைந்து ஜோடிக் கால்களும் தெரிந்தன. குழாயிலிருந்து கையை எடுத்துப் பிரேக்கைப் பிடித்தேன். ஈர சிமென்ட்டில் சக்கரம் நிற்காமல் வழுக்கியது. செத்தேன் என்றுதான் நினைத்தேன்.

"ஏய் தூக்கு! தூக்குபா, தூக்கு!"

ஹாரன் எனக்கு உதவவில்லை, அவர்களுக்கு உதவியது. கோல்களைப் பிடித்திருந்தவர்கள் அத்தனை பேரும் கையைத் தலைக்கு மேல் உயர்த்தினார்கள். ஆனால் விறைப்பாகக் கட்டிய பாவு அவ்வளவு சுலபமாக மேலே வராது. தெருவின் கோடியில் பாவின் நுனிக் கயிற்றைப் பிடித்து இழுத்துக்கொண்டிருந்தவர் அதை அப்படியே விட்டுவிட்டார், பாவு தளர்ந்து மேலே எழுந்தது. என் முதுகில் மெல்லிதாக ஏதோ உரசிக்கொண்டு போனது. அடுத்து எதிர்ச் சுவர், தரை, முழங்காலில் ரத்தம்.

எழுந்து திரும்பிப் பார்த்தேன். சற்று முன் கம்பி போல நின்ற பாவு, தெருவில் தொய்ந்து சுருண்டு கிடந்தது. ஒரு அம்மா என்னிடம் ஓடி வந்தார். கயிற்றை விட்டவரின் மனைவி என்று பிறகு தெரிந்தது.

"இன்னாம்மா இது, தலைய தொங்கப் போட்டுக்கினு சைக்கிள் ஓட்டுற? ரோட்ட பாக்க மாட்டியா?"

எனக்கு அழுகைதான் வந்தது. "பாவு போச்சேம்மா" என்றேன்.

"இழை அறுந்தா முடி போட்டுக்கலாம். கழுத்து அறுந்தா இன்னா பண்றது? போ, போய் காலக் கழுவு."

சிக்கெடுக்க நானும் வருகிறேன் என்று போனேன். "அந்தக் கையோட தொடாதமா!" என்று நாலு பேர் ஒரே குரலில் தடுத்தார்கள். கையெல்லாம் செயின் கறுப்பு. சுத்தமான கை என் தோழிக்குத்தான் இருந்தது, அவளிடம் ஒரு கோலைக் கொடுத்தார்கள். நான் சுவரோரம் நின்று வானத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். மேகம் திரும்பிக் கூடிக்கொண்டிருந்தது. மழை வந்தால் அவர்களுக்கு இன்னொரு நாள் போய்விடும். என் வாழ்க்கையில் அப்படி வேண்டிக்கொண்டு நின்றதில்லை. கயிற்றை விட்டவர் குனிந்த தலை நிமிராமல் இழை இழையாகப் பிரித்துக்கொண்டிருந்தார். பாவு மறுபடி விறைத்து நின்றபோது மட்டும், "கால் வலிக்குதாமா?" என்று கேட்டார். தூறல் விழுவதற்குள் சுருட்டி எடுத்துவிட்டார்கள்.

"பழைய மாதிரி நிமிர்ந்து உட்கார்ந்திருந்தா தலை மாட்டியிருக்கும்டி" என்று வழியெல்லாம் சொல்லிக்கொண்டு வந்தாள் என் தோழி. பழைய மாதிரி உட்கார்ந்திருந்தால் பாவை முன்பே பார்த்திருப்பேன் என்பதும் உண்மை. எதை நம்புவது என்று தெரியாமல் ஹேண்டில்பாரைக் கொஞ்சம் உயர்த்திக்கொண்டு போட்டிக்குப் போனேன். அடிக்கடி தலையைத் தூக்கிப் பார்த்ததில் பலர் என்னைத் தாண்டிப் போனார்கள். அணியில் இடம் கிடைக்கவில்லை.

இன்று எனக்கு வேறு வேலை, வேறு அவசரங்கள். கையில் விடக் கூடாத ஏதோ இருக்கும்போது யாராவது குறுக்கே வந்து விழுந்தால் முதலில் எரிச்சல்தான் வருகிறது; ஆனால் நான் யார், எந்தத் தெரு, யார் மேல் தப்பு என்று எதையும் கேட்காமல் கயிற்றை விட்ட அந்தக் கையை நினைத்ததும், என் பிடியும் தானாகத் தளர்ந்துவிடுகிறது.