எலிகளுக்குக் குறைத்த காற்று

இங்கிலாந்தில் என்ன வேலை என்று ஊரிலிருந்து கேட்கிறவர்களுக்குப் பதில் சொல்லக் கூச்சமாக இருக்கிறது. எலிகளுக்குக் காற்றைக் குறைக்கிறேன். எலியைக் கண்ணாடிக் கூண்டில் விட்டு, பிராணவாயுவைக் குறைத்து நைட்ரஜனைக் கூட்டுவேன். அது மூச்சுக்கு அல்லாடும்போது எக்ஸ்ரே கதிரைப் பாய்ச்சுவார்கள். தாராளமாக மூச்சுவிட்ட எலிகள் சில நாளில் சுருண்டு செத்துப்போகும். திணறியவற்றில் பல பிழைத்துக்கொள்ளும். கொல்வதற்குக் கதிருக்கும் காற்றின் துணை வேண்டியிருக்கிறது. தென்காசிக் கோயில் வாசலில் வேட்டியைப் பிடித்துக்கொள்ள வைக்கும் காற்றில் வளர்ந்தவனுக்கு வாய்த்த பிழைப்பைப் பாருங்கள்.

என் தங்கை கோமதிக்குக் கழுத்தில் கட்டி வந்தது 1950களின் கடைசியில். மதுரையில் கரண்டு வைத்தார்கள். கதிர் சிகிச்சைக்கு எங்கள் பக்கத்தில் அதுதான் பெயர். முடிந்ததும் மச்சான் குற்றாலத்தில் வீடு பிடித்து அவளைத் தங்கவைத்தார். சீசன் காற்று பட்டால் எந்த நோயாளியும் தேறிவிடுவார் என்பது எங்கள் ஊர் நம்பிக்கை. இதை ஆய்வுக்கூடத்தில் உடன் வேலை பார்க்கும் மார்கரெட்டிடம் சொன்னேன். மலையருவிப் பக்கம் விடுமுறையா, கொடுத்துவைத்தவள் என்றாள். விளக்கத் தெம்பில்லாமல் தலையாட்டிவைத்தேன்.

விடுப்பில் குற்றாலம் போனேன். அருவியில் ஊரே எண்ணெய் தேய்த்துக் குளிக்க, கரண்டு வைத்த இடம் நனையக்கூடாதென்று கோமதி மட்டும் கழுத்தில் துண்டைச் சுற்றிக்கொண்டு தள்ளி ஒரு பாறையில் உட்கார்ந்திருந்தாள். துண்டுக்கடியில் கட்டி மறுபடியும் புடைத்திருந்தது. பெரிய கட்டியின் நடுவே ரத்தம் சரியாக எட்டாது, பிராணவாயுவும் போகாது. என் எலிகளைக் காப்பாற்றுகிற அதே திணறல் அவள் கட்டியையும் காப்பாற்றியிருக்க வேண்டும்.

"அண்ணே, நீ காத்தக் கொறச்சுல்லா எலியப் பொழைக்க வைக்கே. எனக்கு இந்தக் காத்து ஆவுமா?" என்று கேட்டாள்.

கதிர் பாய்கிற நேரத்துக் காற்றுதான் கணக்கு. அதன்பின் எந்த மலைக்காற்றும் அந்தக் கட்டியை ஒன்றும் செய்யாது. இதையா அவளிடம் சொல்வேன்?

"ஆவும்ட்டி. நல்லா இழு" என்றேன்.

கண்ணை மூடி, நெஞ்சு விரிய இழுத்தாள். முகம் தெளிந்தது. நான் கப்பலேறி வந்தபின், அடுத்த சீசன் சாரல் விழுமுன் போய்ச் சேர்ந்துவிட்டாள். பாவி நான், கடைசியாக அவள் முகத்தைக்கூடப் பார்க்கவில்லை.

இன்றைக்கும் அதே வேலைதான். குழாயைத் திருகியதும் கூண்டுக்குள் எலி வாயைத் திறக்கும். "நல்லா இழு" என்று என்னையறியாமல் சொல்லிவிடுகிறேன். மார்கரெட் அதை எங்கள் ஊர்ப் பிரார்த்தனை என்று நினைத்து, முடியும்வரை பேசாமல் நிற்கிறாள். என் கை அதுபாட்டுக்குக் காற்றைக் குறைத்துக்கொண்டே இருக்கிறது.