அண்ணன் மாட்டிய டர்போ

அந்த டர்போ முதலில் எங்கள் வீட்டு அடுப்படிக்குத்தான் வந்தது. பழைய லுங்கியில் சுற்றி எடுத்து வந்த அண்ணன், அதைத் தரையில் வைத்து மண்ணெண்ணெய் ஊற்றிக் கழுவினான். நத்தை ஓடு மாதிரி சுருண்ட இரும்பு. விரலை விட்டுச் சுண்டினால் உள்ளே ஒரு சின்னச் சக்கரம் சத்தமில்லாமல் சுழன்றது. விபத்தில் நொறுங்கிய ஏதோ ஒரு வேனிலிருந்து கழற்றி, காயலான் கடைக்கு வந்த சாமான். "இத மாட்டிட்டா நம்ம வண்டி பறக்கும் பாப்பா," என்றான். வாடகைக்கு ஓடிய அந்த டீசல் அம்பாசடர்தான் எங்கள் சோறு. அதை விட்டால் வேறு எதுவும் கிடையாது.

ஊருக்குள் புது வண்டிகள் வந்து இறங்கிய காலம் அது. கடற்கரைப் பக்கத்துத் தெருவில் இருந்த பிரெஞ்சு வழக்கப்படி 'மதாம்' என்று எல்லோரும் கூப்பிடும் ஓர் அம்மாதான் அண்ணனின் நிரந்தரச் சவாரி. பிள்ளைகள் பிரான்சில் இருந்ததால், சென்னை விமான நிலையத்துக்கு அடிக்கடி ஓட்டம் இருந்தது. ஒருமுறை விமானத்தைத் தவறவிட இருந்தார். "உன் வண்டி நடக்குதுப்பா. இனிமேயும் இப்படின்னா நான் வேற வண்டி பாத்துக்குவேன்," என்று சொல்லிவிட்டார். புது வண்டி வாங்க எங்களுக்கு எவன் கடன் தருவான்? அன்றிலிருந்து அண்ணன் சரியாகச் சாப்பிடவில்லை, தூங்கவில்லை.

முதலியார்பேட்டை மெக்கானிக், "இந்த என்ஜின் தாங்காதுப்பா," என்று எவ்வளவோ சொன்னார். அண்ணன் கண் கலங்கியதைப் பார்த்துத்தான் மாட்டிக் கொடுத்தார். "ஓடி வந்ததும் டக்குனு அணைக்காத. கொஞ்ச நேரம் சும்மா ஓடட்டும். அணைச்சா எண்ணெ போறது நின்னுடும், உள்ள சக்கரம் மட்டும் சுத்திக்கினே இருக்கும். வெந்து போயிடும்," என்றார். அண்ணன் தலையை ஆட்டினான். வண்டி உண்மையிலேயே பறந்தது. வழியெல்லாம் "வித், வித்" என்று பிரெஞ்சில் விரட்டும் மதாம், இப்போது "மெதுவா போப்பா" என்றார். அந்தச் சில வாரங்கள் எங்கள் வீட்டில் சிரிப்புச் சத்தம் கேட்டது.

ஆனால் டீசலை மிச்சம் பிடித்தே பழகிய கை. ரயில்வே கேட் மூடியிருப்பது தூரத்தில் தெரிந்தாலே என்ஜினை அணைத்து, மீதித் தூரம் உருட்டிக்கொண்டே போய் நிற்பது எங்கள் பக்கத்து டிரைவர்கள் எல்லோருக்கும் இருந்த புத்தி. வேலைக்கு அவனோடு வண்டியில் போகும் நாட்களில், "ண்ணா, அணைக்காத!" என்று கத்துவேன். நாக்கைக் கடித்துக்கொள்வான். மறுநாளும் அணைப்பான். அந்தக் கையை வெட்டிப் போடலாமா என்றுகூட எனக்குக் கோபம் வரும். புகை நீலமாக வர ஆரம்பித்தது.

மதாம் பிரான்சுக்குப் புறப்பட்ட காலை, வேலைக்குப் போக நானும் வண்டியில் ஏறிக்கொண்டேன். அவர் வீட்டு வாசலில், அன்றைக்குப் பார்த்து, அண்ணன் ஞாபகமாக அணைக்காமல் இறங்கினான். டிக்கியில் பெட்டிகளை வைத்துக்கொண்டிருந்தபோது என்ஜின் தானாக வேகம் பிடித்தது. டர்போ வழியாகக் கசிந்த தன் எண்ணெயையே குடித்து ஓடுகிறது என்பது பிறகு மெக்கானிக் சொல்லித்தான் தெரியும். அண்ணன் பாய்ந்து போய் அணைத்தான். அணையவில்லை. சாவியைப் பிடுங்கினான், மறுபடி போட்டுத் திருப்பினான், பிடுங்கினான். அலறல் ஏறிக்கொண்டே போனது. தெரு முழுக்கப் புகை. "நின்னுடும்மா, நின்னுடும்மா," என்று வண்டியிடம் கெஞ்சி, ஸ்டியரிங்கை அடித்து அழுதான். அப்பா செத்தபோதுகூட அவன் அப்படி அழுததில்லை. கடைசியில் ஒரு வெடிச்சத்தம். வண்டிக்கு அடியில் எண்ணெய் ஓடியது.

மதாம் இருமிக்கொண்டே, "நேரமாவுதுப்பா," என்றார். அண்ணன் முகத்தைத் துடைத்துக்கொண்டு தெருமுனைக்கு ஓடி, வேறொருவனின் புது வண்டியைக் கூட்டி வந்து, பெட்டிகளைத் தன் கையாலேயே அதில் ஏற்றினான். அத்தோடு அந்தச் சவாரி போயிற்று. அம்பாசடர் பழைய இரும்பாக எடைக்குப் போயிற்று.

இப்போது அண்ணன் கருவடிக்குப்பத்தில் என்னோடு இருக்கிறான். ஒரு கல்யாண மண்டபத்தில் காவல் வேலை. என் வீட்டுக்காரர் வாங்கியிருக்கும் காரில் டர்போ கம்பெனியிலேயே வைத்து வருகிறது. அது இருப்பதே ஓட்டுபவருக்குத் தெரிவதில்லை. போன வாரம் காரைக் கொஞ்சம் ஓரமாக விடச் சொல்லி அவர் சாவியை நீட்டினார். அண்ணன் கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டான்.

"இன்னா மச்சான், ஓட்ட மறந்துடுச்சா?" என்று அவர் சிரித்தார்.

"ஓட்டத் தெரியும் மாப்ள," என்றான் அண்ணன். "நிறுத்தத்தான் தெரியாது."