அத்தையின் பலாமரம் நிற்க வேண்டும்

ஆறாம் வகுப்புக்கு மேல் நான் பள்ளிக்கூடம் போகவில்லை. ஆனாலும் மங்களூரில் மீன் காயவைக்கும் களத்திலும், கோவாவில் ஓட்டல் சமையற்கட்டிலும், பெங்களூரில் கட்டட வேலையிலும் ஆங்கிலம் பேசித்தான் பிழைத்தேன். எல்லாம் ஒரே அச்சில் வார்த்த வாக்கியங்கள். முதலில் யாருடையது என்று சொல்ல வேண்டும். அடுத்து அது என்ன பொருள். அதன் பிறகு கேன், மே, மஸ்ட் மூன்றில் ஒன்று. அதாவது முடியும், செய்யலாம், செய்தே ஆகவேண்டும். கடைசியில் ஒரு வினை. 'மை சிஸ்டர்ஸ் பேக் மஸ்ட் கம்' என்று சொல்லி, பஸ் கூரையில் மாட்டிக்கொண்ட மூட்டையை இறக்க வைத்திருக்கிறேன். எனக்கு அக்கா தங்கை கிடையாது. மூட்டை என்னுடையதுதான். உறவுக்காரர் ஒருவர் உள்ளே இல்லாவிட்டால் வாக்கியம் அரைகுறையாக நிற்பதுபோல ஒரு பழக்கம்.

அந்த அச்சை எனக்குக் கொடுத்தது நாகலூர்ப் பக்கத்துப் பள்ளிக்கூடம். சேலத்திலிருந்து பஸ்ஸில் வந்துபோன வாத்தியார் ஒருவர் வருடம் முழுவதும் இதை மட்டுமே நடத்தினார். "இது ஒண்ணு வந்தாப் போதும், யார்கிட்ட வேணாப் பேசிப்புடலாம்" என்பார். நாங்கள் வீட்டிலிருந்த எல்லாவற்றையும் வகுப்புக்குள் கொண்டுவந்து நிறுத்தினோம். ஒருத்தியின் அம்மாவுடைய ஆட்டால் புத்தகம் தின்ன முடியும். எஸ்டேட் ரைட்டர் மகனின் அப்பாவுடைய சைக்கிளால் மேடு ஏற முடியாது. கடைசி பெஞ்சில் ஒருவன் எழுந்து, 'மை டீச்சர்ஸ் பீடி மஸ்ட் ஸ்டாப்' என்றான். வாக்கியம் சரியாக இருந்ததால் வாத்தியாரால் அடிக்க முடியவில்லை. நான் சொன்னது 'மை ஃபாதர்ஸ் லெக் கேனாட் கிளைம்ப்.' அதுவும் சரியாகத்தான் இருந்தது.

அப்பா முந்தைய மழைக்கு முன்னால், காப்பிச் செடிமேல் நிழல் கட்டிய கிளைகளைக் கழிக்க சில்வர் ஓக் மரத்தில் ஏறி விழுந்திருந்தார். கணுக்கால் கோணலாகக் கூடிப்போயிற்று. எங்கள் காப்பித் தோட்டமோ கால் நன்றாக இருப்பவரையே உருட்டிவிடும் சரிவு. அம்மா எஸ்டேட்டில் கூலிக்குப் போனாள். தோட்டத்தை விற்றுவிட்டு பஸ் நிற்கிற இடத்தில் ஒரு பெட்டிக்கடை வைத்து அப்பா உட்கார்ந்துகொள்வது என்று வீட்டில் முடிவாயிற்று. மலைச்சரிவை யார் வாங்குவார்கள் என்று பல மாதம் காத்திருந்த பிறகு ஒருவர் வந்தார். பட்டாளத்தில் இருந்து ஓய்வு பெற்ற வடக்கத்திக்காரர். தோட்டத்தின் நடுவில் கொஞ்சம் சமதளம் இருந்தது. அங்கே வீடு கட்டிக்கொண்டு பள்ளத்தாக்கைப் பார்த்துக்கொண்டிருக்க அவருக்கு ஆசை. அந்தச் சமதளத்தில்தான் அத்தையின் பலாமரம் நின்றது.

எங்கள் ஆட்கள் பெண்ணுக்கு நிலம் கொடுப்பதில்லை. மரம் கொடுப்பார்கள். கட்டிக்கொடுக்கும்போது அப்பன் தோட்டத்துக்குக் கூட்டிப்போய் ஒரு மரத்தைக் காட்டி 'இது உனக்கு' என்பான். அவ்வளவுதான். நிலம் அண்ணனுக்குப் போகும். அதில் நிற்கிற அந்த ஒரு மரத்தின் காய் மட்டும் தங்கைக்குச் சேரும். எங்கள் வாசலில் இருந்து பார்த்தால் பழுத்து வெடித்த பலா தெரியும், வாசம் வரும். ஆனாலும் அத்தை மாரமங்கலத்திலிருந்து வந்து 'எடுத்துக்கங்க' என்று சொல்லும்வரை நாங்கள் கை வைக்கமாட்டோம். வாழ்க்கைப்பட்ட இடத்தில் அத்தைக்கு ஒன்றும் இல்லை. மாமாவின் பங்கு மாமாவின் அண்ணன்மாரிடம் இருந்தது. உலகத்தில் அவளுடையது என்று சொல்ல அந்த மரம் ஒன்றுதான்.

ஆகவே அதை வெட்டப்போகிறார்கள் என்று தெரிந்ததும் எனக்குக் கோபம் வந்துவிட்டது. வடக்கத்திக்காரர் வருவதாக இருந்த அன்று காலையிலேயே அத்தை வந்து அடுப்படியில் அப்பாவிடம் தாழ்ந்த குரலில் பேசிக்கொண்டிருந்தாள். அழுது கெஞ்சுகிறாள் என்று நானாக நினைத்துக்கொண்டேன்.

வடக்கத்திக்காரருக்கும் அப்பாவுக்கும் நடுவில் பேச்சை மாற்றிச் சொல்பவர், ஒண்டிக்கடையில் எங்கள் மிளகை வாங்கும் பாய். அன்றைக்குப் பார்த்துப் பாய் சொந்தத்தில் கல்யாணம் என்று சேலத்துக்கு இறங்கிவிட்டார். ஜீப் மட்டும் வந்து நின்றது. அப்பா என்னைப் பார்த்தார்.

"ஏங்கண்ணு, அவரு பேசறது உனக்கு வெளங்குமா?"

"எல்லாம் வெளங்கும்" என்றேன். அதுவரை ஆங்கிலம் பேசுகிற யாரிடமும் நான் வாய் திறந்ததில்லை.

அப்பா தடியை ஊன்றிக்கொண்டு மேலேயே நின்றுவிட்டார். வந்தவரும் நானும் அத்தையும் கீழே இறங்கினோம். போகிற வழியில் அவர், "வாட்டர்?" என்றார்.

"மை ஃபாதர்ஸ் வெல் கேன் கிவ்."

கோடையில் கிணறு வற்றிவிடும் என்பதைச் சொல்ல என் அச்சில் இடமில்லை. அவர் தலையாட்டினார். எனக்குத் தைரியம் ஏறிவிட்டது. சமதளத்துக்கு வந்ததும் பலாமரத்தைத் தட்டிப் பார்த்து, உள்ளங்கையை ரம்பம்போல் இழுத்துக் காட்டி ஏதோ கேட்டார்.

"மை ஆன்ட்ஸ் ட்ரீ மஸ்ட் ஸ்டாண்ட்" என்றேன். வகுப்பில் சொல்வதுபோல் நிமிர்ந்து நின்று, உரக்க.

அவர் திடுக்கிட்டு, "யுவர் ஆன்ட்?" என்றார். நான் அத்தையைக் காட்டினேன். அத்தை முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொண்டு முன்னால் வந்து, மரத்தின் மேல் கையை வைத்தாள். வரும்போதே தயார் செய்துகொண்டு வந்ததுபோல் நிதானமாகச் சொன்னாள்.

"வெட்டிக்கட்டும்னு சொல்லு, கண்ணு. எங்கண்ணனுக்காக நானே உட்டுக்குடுத்துட்டேன்னு சொல்லு."

எனக்கு விளங்கியது. பெரியவர்கள் வேறு வழியில்லாமல் இப்படித்தான் பேசுவார்கள் என்று விளங்கியது. நான் வந்தவர் பக்கம் திரும்பினேன்.

"மை ஆன்ட்ஸ் ட்ரீ மஸ்ட் ஸ்டாண்ட். மை ஆன்ட்ஸ் ஃப்ரூட் மஸ்ட் கம். மை ஆன்ட்ஸ் சில்ட்ரன் மஸ்ட் ஈட்."

மேலே இருந்து அப்பா, "என்னங்கறாரு?" என்று கத்தினார். "பேசிட்டிருக்கோம்!" என்று நானும் கத்தினேன்.

வந்தவர் தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு மரத்தையும், அதைத் தொட்டு நின்ற அத்தையையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு சரிவில் மேலே ஏறினார். விற்பனை போயிற்று, அப்பா தடியோடு இறங்கி வந்து என்னை மொத்தப்போகிறார் என்றே நினைத்தேன். ஆனால் வந்தவர் கொஞ்ச தூரத்திலேயே நின்று, திரும்பிப் பள்ளத்தாக்கைப் பார்த்து, காலால் மண்ணை உதைத்துப் பார்த்தார். வீடு இங்கே என்று கையால் காட்டினார். "ட்ரீ மே ஸ்டாண்ட்" என்றார். யாருடைய மரம் என்பதை வாக்கியத்தில் விட்டுவிட்டார். நான் பொருட்படுத்தவில்லை. அதை அவரே சரிசெய்வதுபோல் அத்தையிடம் வந்து கும்பிட்டு, தமிழில் முயன்று பார்த்தார்.

"பலம்... எப்பவும் உங்கள்து."

அத்தை மரத்திலிருந்து கையை எடுத்துவிட்டாள்.

தோட்டம் பேசியபடியே விலைபோயிற்று. அன்று வீட்டு வாசலில் அப்பா என் முதுகில் தட்டித் தட்டிச் சிரித்தார். "ஊட்டுக்குள்ள ஒரு வக்கீல வெச்சுக்கிட்டு பாய்க்குக் காத்துக் கெடந்தம் பாரு!" என்றார். பிறகு அத்தையைப் பார்த்து, "உன்ற மரம் உனக்கே தங்கிப்போச்சு, அம்மிணி. நொம்பச் சந்தோசம்" என்றார்.

அத்தை சிரிக்கவில்லை. "குடுத்தது குடுத்ததா இருக்கட்டும்னுதானுங்ணா வந்தேன்" என்றாள். என் தலையில் கையை வைத்து, அழுத்தமாக, வலிக்கிற மாதிரியே வைத்து, "நீ நல்லாப் படி, சாமி" என்றாள். அம்மா வரும்வரை இருக்கச் சொன்னதற்கும் இருக்கவில்லை. காப்பி குடிக்கவில்லை.

மரம் நின்றது. அதற்குப் பிறகு ஒவ்வொரு வருடமும் வடக்கத்திக்காரர் ஆள் விட்டுக் காய் இறக்கி ஜீப்பிலேயே மாரமங்கலத்துக்கு அனுப்பினார். அத்தையின் பிள்ளைகள் தின்றார்கள். அதில் எனக்கு இன்றும் பெருமைதான். ஊர் ஊராய் ஒன்றுமில்லாமல் சுற்றி, கண்டவர்கள் கையால் வாங்கித் தின்ற பிறகுதான் மறுபாதி தெரிந்தது. பிறந்த வீட்டுச் சீர், பொங்கல் சேலை, ஒரு வேளைச் சோறு என்று ஆயுசு முழுக்க வாங்கிக்கொண்டே இருந்தவள் அத்தை. அன்று ஒரு நாள்தான் கால் போன அண்ணனுக்குக் கொடுக்க வந்தாள். மரம் அவளுடையது என்று ஊருக்கே கேட்கும்படி சொன்ன நான், அதை என்ன செய்யவேண்டும் என்பதையும் நானே சொன்னேன்.

மரத்தைக் காப்பாற்றிக் கொடுத்த பிறகும் அத்தை எதற்காக முகத்தைத் துடைத்துக்கொண்டே மேடு ஏறிப்போகிறாள் என்று அன்று கொஞ்ச நேரம் யோசித்தேன். அதற்குள் ஜீப் உறுமியது. அந்தக் குறுகலான பாதையில் அதை எப்படித் திருப்பப்போகிறார் என்று பார்க்க ஓடிவிட்டேன்.