மகளை மைக் முன் நிறுத்திய ஞாயிறு

போன வருடம் பள்ளி திறந்த இரண்டாம் வாரம், என் மகளின் வகுப்பு ஆசிரியை என்னை அழைத்து, பென் டிரைவ் போன்ற ஒன்றை மேசைமேல் வைத்தார். வேப், அதாவது மின்சிகரெட். அவளுக்கு வயது பதினைந்து. எட்டாம் வகுப்பிலிருந்தே இழுக்கிறாளாம். பையில் வந்த ஸ்ட்ராபெரி வாசனையை லிப் பாம் என்று நினைத்திருந்தேன். படித்தவள் நான். 

அன்று மாலையே போதகர் வீட்டுக்கு வந்து ஜெபித்தார். மகள் அழுதாள், இனித் தொடமாட்டேன் என்றாள். அந்த அழுகை உண்மை. இன்றும் நம்புகிறேன். தவறு அடுத்து நான் செய்ததுதான். அந்த ஞாயிறே செகந்திராபாத்தில் எங்கள் தமிழ்ச் சபையில் அவளை மைக் முன் நிறுத்தி, விட்டுவிட்டேன் என்று சாட்சி சொல்லவைத்தேன்.

"நக்கோ மம்மி, வேணாம், ப்ளீஸ். கொஞ்ச நாள் போகட்டும்."

"ஆண்டவர் செஞ்சத மறைக்கக் கூடாது மக்ளே."

எல்லோரும் கைதட்டினார்கள். எனக்குப் பெருமையாக இருந்தது.

மூன்று மாதம் கழித்து, அவள் ஜியாமெட்ரி பாக்ஸில் இன்னொன்று. கத்தினேன். அவள் கத்தவில்லை.

"நாலாம் நாளே திரும்ப எடுத்துட்டேன். அத்தனை பேர் முன்னாடி விட்டுட்டேன்னு சொல்ல வச்சிட்டீங்க. அப்புறம் யார்கிட்டப் போய்ச் சொல்றது மம்மி?"

சமையலறையில் முழங்காலிட்டேன். அதுவரை 'எங்களை வெட்கப்படுத்தாதேயும்' என்றுதான் ஜெபித்திருக்கிறேன். அன்று, 'நான் வெட்கப்பட்டாலும் பரவாயில்லை. அவள் என்னிடம் உண்மை பேசட்டும்' என்றேன்.

மறுநாள் போதகரிடம் சொன்னேன். "மைக்கைக் கொடுத்தது நானும்தானேம்மா. ஜெபத்தை விடாதீங்க, டாக்டரையும் பாருங்க" என்றார். நிகோடின் பழகிய இளம் மூளை ஒரே நாளில் விடாது என்று மனநல மருத்துவர் விளக்கினார். வாரம் ஒரு கவுன்சிலிங். ஆசை வரும் நேரத்தைக் குறித்துவைப்பது. வேப் கிடைக்கும் கடையைத் தவிர்த்து, டியூஷனுக்கு வேறு வழியாகப் போவது. எனக்கும் வேலை தந்தார்: பையைச் சோதிக்கக் கூடாது, தவறினால் கத்தக் கூடாது. எனக்கு அதுதான் கஷ்டம்.

பிறகு இரண்டு முறை தவறினாள். முதல் முறை கவுன்சிலரிடம் சொன்னாள். இரண்டாம் முறை, ஷூவைக்கூடக் கழற்றாமல் என் முன் வந்து நின்றாள்.

"மம்மி, இன்னைக்கு எடுத்துட்டேன்."

தோசை வார்த்துக்கொண்டிருந்தேன். அடுப்பை அணைத்தேன். கத்தவில்லை. அவளே வந்து சொன்னாளே, என் ஜெபத்துக்குப் பதில் அதுதான்.

பிள்ளைகளுக்காகக் கலங்கும் பெற்றோரே, ஆண்டவரை நம்பிக் கேளுங்கள். மருத்துவரிடம் போவது அவிசுவாசம் அல்ல. ஆனால் சாட்சிக்கு அவசரப்படாதீர்கள்.

இதை எழுதலாமா என்று மகளிடம் கேட்டேன். மூன்று நாள் யோசித்தாள்.

"எழுதுங்க. முழுசா விட்டுட்டேன்னு மட்டும் எழுதாதீங்க."

எழுதவில்லை. அவள் அதைத் தொடாமல் இன்றோடு பத்தொன்பது நாள். அந்தப் பத்தொன்பதுக்கும் ஸ்தோத்திரம்.